சைவத் தூண்டில்

சாயக் கூடாது. சாய்ந்தால் கவிழும். கவிழ்ந்தால் என்ன, ஏறிக்கொள்ளலாம், ஏறத் தெரியுமே எனக்கு, நாலு தரம் முயன்றால் ஒரு தரம் ஏறிவிடுவேன், அந்த ஒரு தரம் எது என்பதுதான் முன்கூட்டித் தெரியாது. மூச்சு விடு. தோளை இறுக்காதே. பல் டாக்டராக இருந்து, அதை விட்டுவிட்டு, இந்த முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கயாக் என்கிற ஒடுங்கிய படகை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தஸ்லீமா மேடம் அப்படித்தான் சொல்வார், "தோளை விடுங்க சார், நல்லா மூச்சு விடுங்க, வலிக்காது." வலிக்காது என்று சொல்கிற பழக்கம் மட்டும் பழைய தொழிலிலிருந்து கூடவே வந்துவிட்டது போல. கரையில்தான் நிற்கிறார், தொப்பி தெரிகிறது, கழுத்தில் விசில் இருக்கும். இன்றுதான் முதல் முறையாக என்னைத் தனியே விட்டிருக்கிறார். "ரெண்டே விஷயம் சார். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க. பாலத்தைத் தாண்டாதீங்க." பாலத்துக்கு அந்தப் பக்கம் முகத்துவாரம், அதற்கும் அந்தப் பக்கம் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் அந்தமான். நீர் வடிகிற நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகுமாம். சும்மா உட்கார்ந்திருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, அதனால்தான் பயமாக இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டின் நடுக் கொக்கி வயிற்றுக்கு மேல் எட்டவில்லை, மேலும் கீழும் உள்ளவற்றை மாட்டி, நடுவில் மட்டும் நான் கொஞ்சம் வெளியே இருக்கிறேன். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ, அதில் உள்ள எழுத்து நேராகத் தெரிந்தால் சரி என்றார், எழுத்து நேராகத்தான் தெரிகிறது, கண்ணாடியில் உப்பு, எழுத்தா கீறலா என்று புரியவில்லை. இடது. வலது. இடது. வலது கை பலசாலி, அதனால் படகு இடது பக்கமே திரும்புகிறது, நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு அரைவட்டம் போட்டு அதே மூங்கில் கழிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கழி மேல் ஒரு நீர்க்காகம், இறக்கையை விரித்துக் காயப் போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறது. போன சுற்றிலும் அது பார்த்தது. என்னடா இவன் திரும்ப வருகிறான் என்று நினைத்திருக்கும்.

முதல் பாடமே விழுவதுதான். ஓட்டுவதற்கு முன்னால் விழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிப்போய், "இப்ப விழுங்க சார்" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் யாராவது சொல்லி விழ முடியுமா, தானாக விழுந்தால்தான் உண்டு. நான் விழவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரே வந்து படகைப் புரட்டிவிட்டார். மூக்கில், காதில், இத்தனை நாள் இருப்பதே தெரியாத இடங்களில் எல்லாம் உப்புத் தண்ணீர். பிறகு ஏற வேண்டும். காலை மீன் மாதிரி உதைக்க வேண்டும், வயிற்றைப் படகின் மேல் போட வேண்டும், தொப்புள் நடுவில் வந்ததும் மெதுவாகப் புரண்டு உட்கார வேண்டும். உதைத்தேன், போட்டேன், புரண்டேன், அந்தப் பக்கம் போய் விழுந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது தலையெல்லாம் உப்பு, சட்டை ஈரம். டெல்பின் மேலும் கீழும் பார்த்தாள். என் மனைவி கணக்கு டீச்சர், எதையும் முதலில் பார்ப்பாள், பிறகுதான் கேட்பாள். "லாரியப் பாக்கப் போறேன்னுதான சொன்னிய? லாரி எங்க, குளத்துலயா கெடக்கு?" நான் இன்சூரன்ஸ் சர்வேயர், விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது வேலை, கேளம்பாக்கத்தில் ஒரு லாரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆமாம், குளத்தில்தான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "டிரைவரு?" என்றாள். ஆஸ்பத்திரியில் என்றேன். "ஐயோ" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் இன்னும் லாரியை எடுக்கவில்லை என்றேன், அதற்கடுத்த வாரம் கிரேன் வரவில்லை என்றேன், குளத்திலிருந்து ஒரு லாரியை எடுக்க இவ்வளவு நாளா என்று கேட்கவே இல்லை அவள், டிரைவருக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டாள். பெசன்ட் நகர் மாதா கோயிலில் அவனுக்காக மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். இல்லாத ஒருவனுக்கு எரிந்த மெழுகுவத்தி எந்தக் கணக்கில் சேரும், அதை யாரிடம் கேட்பது.

இடது. வலது. காற்று பின்னாலிருந்து வருகிறது, சுகமாக இருக்கிறது, சுகமாக இருந்தால் திரும்பி வரும்போது எதிர்க்காற்று என்று அர்த்தம், அதையும் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். மீன் பிடிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது மட்டும், "நீங்க சைவம்னு சொன்னீங்களே சார்?" என்றார். சைவம்தான். திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீட்டில் முட்டை என்கிற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்த வீட்டிலிருந்து போய்த் தூத்துக்குடி டெல்பினைக் கட்டிக்கொண்டேன், ஊரே எதிர்த்தது, அப்போது அவள் ஒரே வரி சொன்னாள், "மீனுதான பிரச்சினை? நான் சாப்பிடல." அந்த ஒரு வரி இத்தனை வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கடற்கரையில் பிறந்தவள். எனக்காக விட்டாள். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை, சொல்லிக்காட்டியிருந்தால் பரவாயில்லை, சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். போன தை மாதம் ஆபீஸ் நண்பர் மகள் கல்யாண ரிசப்ஷனில் சைவப் பந்திக்குப் போகிற வழியில், சுடச்சுட மீன் பொரித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்றுவிட்டாள். நின்று பார்த்தாள். கல்லில் வஞ்சிரம் சத்தம் போட்டுப் பொரிந்துகொண்டிருந்தது, அவள் கண்ணெடுக்கவில்லை, உதடுகூட லேசாக அசைந்தது. நான் தட்டோடு பின்னால் நிற்கிறேன். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "வாங்க" என்று சொல்லிப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டாள். தயிர்சாதம்! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மீனை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனேன், ஒரு அம்மா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி "பாரு சார், எப்படிச் சிவந்திருக்கு" என்றாள், நான் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அப்புறம்தான் போனில் அந்த வீடியோ வந்தது, என் வயசு மனிதர், என் அளவு வயிறு, ஒரு கயாக்கில் ஒற்றையாக உட்கார்ந்து தூண்டில் போடுகிறார், இழுக்கிறார், மீன் மடியில் வந்து விழுகிறது, சிரிக்கிறார். வாங்குவது என்ன பெரிய காரியம், காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். பிடித்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுக்க வேண்டும். இந்தா டெல்பின், எனக்காக நீ விட்டது.

சரி. துடுப்பைக் குறுக்கே வை. தூண்டில் கம்பு எனக்குப் பின்னால் அதற்கென்று உள்ள குழாயில் நிற்கிறது, அதை எடுக்கத் திரும்ப வேண்டும், திரும்பினால் சாயும், சாய்ந்தால், மெதுவாக, மெதுவாக, கை மட்டும் போகட்டும், வந்துவிட்டது. முனையில் ரப்பர் மீன். பச்சை நிறம், வாலாட்டும், உயிர் கிடையாது. உயிருள்ள இறாலைக் கொக்கியில் குத்துங்கள் என்றார் கடைக்காரர், குத்த மாட்டேன் என்றேன், அப்படியென்றால் இதுதான் என்று எடுத்துக் கொடுத்தார். சைவத் தூண்டில். மீன் பிடிக்க ஒரு உயிரைக் கொல்வானேன் என்று அப்போது பெருமையாகத்தான் இருந்தது, அந்த யோசனையின் மறுபாதி படகில் ஏறிய பிறகுதான் மெல்ல மெல்ல வருகிறது. வீசினேன். என் தொப்பியைப் பிடித்தது. எடுத்து வீசினேன். லைஃப் ஜாக்கெட்டின் முதுகைப் பிடித்தது, அங்கே எட்டி அதை விடுவிப்பதற்குள் படகு ரெண்டு பக்கமும் ஆடி என் உயிர் போய் வந்தது. மூன்றாவது வீச்சில் தண்ணீரில் விழுந்தது, டொப், என்ன அழகான சத்தம். நூலைச் சுற்றி இழுத்தேன். ஒன்றும் இல்லை. வீசினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் படகின் அடியில் கழுக் கழுக்கென்கிறது, வெயில் முதுகில் இதமாக விழுகிறது, ஒரு வெள்ளி மீன்குஞ்சுக் கூட்டம் கையளவு மழை பெய்தாற்போல் துள்ளி அடங்குகிறது. நெல்லையப்பா, எதுவும் மாட்ட வேண்டாம். பனிமய மாதாவே, அவர் கேட்காவிட்டால் நீயாவது கேள், எதுவும் மாட்ட வேண்டாம், போனேன், முயன்றேன், கிடைக்கவில்லை என்று இருக்கட்டும், முயன்றதை வைத்துக்கொண்டு நான் மிச்ச வாழ்க்கையை ஓட்டிக்கொள்கிறேன். மாட்டிக்கொண்டது.

முதலில் பாறை என்று நினைத்தேன். பாறை நகர்ந்தது. கம்பு வில்லாக வளைந்து முனை தண்ணீருக்குள் போய்விட்டது, நூல் சுற்றிய ரீல் கிறீச்சென்று கத்துகிறது, நானும் கத்துகிறேன், படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு தானாகப் போகிறது. நான் இத்தனை நாள் கற்றும் நேராகப் போகாத படகு, ஒரு மீன் இழுத்ததும் கோடு போட்டாற்போல் நேராகப் போகிறது. எந்தப் பக்கம்? பாலத்துப் பக்கம். இழு, இழுக்காதே, நூல் அறுந்துவிடும், அறுந்தால் நல்லது, அறுக்க வேண்டும், கத்தி எங்கே, கத்தி பையில், பை காலுக்கடியில், கையை விட்டால் கம்பு போய்விடும், கம்பு போனால் போகட்டும், ஏன் கையை விடமாட்டேன் என்கிறது இந்தக் கை? அப்போது நெஞ்சில் போன் அடித்தது. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன், உறைக்குள் டெல்பின் என்று தெரிகிறது. அவள் கூப்பிட்டு நான் எடுக்காமல் இருந்ததே கிடையாது. மோவாயால் அழுத்தினேன், ஸ்பீக்கர் வேறு போட்டுக்கொண்டது.

"ஏங்க, கோயில் வாசல்ல நிக்கேன். பூசை ஆரம்பிக்கப் போவுது. அந்த டிரைவர் பேரு என்ன? வேண்டுதல்ல சேத்துச் சொல்லுதேன்னு ஃபாதர் பேரு கேக்காரு."

பேர். ஒரு பேர் சொல்லு. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு பேர்கூடவா வராது. "பேரு... பேரு வந்து..." ரீல் கிறீச்சிட்டது.

"என்ன சத்தம் அது? கிரேனா?"

கிரேன் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்தாள். சொல்ல வாயைத் திறந்தேன், மீன் தண்ணீருக்கு மேல் ஆளுயரம் எழும்பி, தலையை உதறி, பளாரென்று விழுந்தது, பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவன், "அண்ணே, கொடுவாண்ணே! விட்றாதீங்கண்ணே!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான்.

போனில் மாதா கோயில் மணி ஒலித்தது. "கொடுவாவா?" என்றாள் டெல்பின். "எங்க இருக்கிய?"

"தண்ணில."

"தண்ணிலன்னா?"

"தண்ணி மேல. படகுல. லாரியெல்லாம் கிடையாது டெல்பின். டிரைவரும் கிடையாது. மீன் மாட்டிருக்கு. படகைப் பாலத்துக்கு இழுக்குது. எனக்கு என்ன செய்யன்னு தெரியல."

அழுகிற குரலில் சொல்லிவிட்டேன். பாலத்தின் நிழல் படகின் மூக்கைத் தொடுகிறது, கரையில் விசில் விடாமல் ஊதுகிறது, மேலே இப்போது பத்துப் பேராவது நிற்பார்கள், எல்லார் கையிலும் போன். "உன் ஊர்ல மீன எப்படி எடுப்பாங்க? சொல்லு சீக்கிரம்!" என்றேன். "எனக்கென்ன தெரியும்? எங்கப்பா போஸ்ட் மாஸ்டரு! நான் மீனத் தட்டுல பாத்ததோட சரி!" என்று கத்தினாள் அவள், பிறகு கணக்கு டீச்சர் குரல் வந்துவிட்டது, நிதானமான குரல், "பாலத்துல தூணு இருக்கா? இருக்கா இல்லையா? அதப் பிடிச்சுக்கிடுங்க. மொதல்ல நீங்க நில்லுங்க, மீனு எங்கயும் போவாது." காலை நீட்டித் தூணில் உதைத்து, அதில் ஒட்டியிருந்த சிப்பி பாதத்தைக் கீற, ஒரு கையால் தூணைக் கட்டிக்கொண்டேன். படகு நின்றது. தண்ணீர் மட்டும் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கம்பை அக்குளில் இடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன், அதுவும் களைத்துவிட்டது, நானும் களைத்துவிட்டேன், யார் முதலில் விடுவது என்பதுதான் பாக்கி. அது விட்டது. பக்கவாட்டில் சாய்ந்து வந்தது, அதன் வாயில் இருந்த கொக்கியை, லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருந்த இடுக்கியால் பிடித்துத் தூக்கினேன், மடியில் வந்து விழுந்தது. வீடியோவில் வந்த மனிதர் இந்த இடத்தில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கை நீளம், வெள்ளி உடம்பு, கனமான குளிர்ச்சி, தங்க நிறக் கண். வாயைத் திறந்து மூடியது. நான் இதுவரை ஒரு மீனைத் தொட்டதில்லை. தொடையில் அதன் இதயமோ என் இதயமோ அடித்துக்கொண்டது.

"காட்டுங்க," என்றாள் டெல்பின். மூக்கால் அழுத்தி வீடியோவை வரவழைத்தேன். உறைக்குள் அவள் முகம், தலையில் முக்காடு, பின்னால் கோயில் கதவு. "இது உனக்குத்தான்," என்றேன். "எனக்காக நீ விட்டுட்ட இல்லையா. அன்னைக்கு ரிசப்ஷன்ல நின்னு பாத்தியே. நான் கவனிச்சேன்." அவள் முகம் எதுவும் புரியாமல் சுருங்கியது. "எந்த ரிசப்ஷன்? அந்த மீன் பொரிச்ச எடமா? அங்க கரண்டி பிடிச்சு நின்னவன் எங்கிட்ட எட்டாவது படிச்ச பையன்ங்க. பேரு ஞாபகம் வரல. வாய்க்குள்ளயே ஒவ்வொரு பேராச் சொல்லிப் பாத்துக்கிட்டு நின்னேன். இந்த நிமிசம் வரைக்கும் வரல." மீன் வாலை ஒரு முறை தட்டியது. "எனக்கு மீனு பிடிக்கவே பிடிக்காதுங்க. சின்னப் பிள்ளைல தொண்டையில முள்ளு சிக்கி உயிரு போவப் பாத்துச்சு. அதுக்கப்புறமும் எங்கம்மா விடமாட்டா, பிசைஞ்சு பிசைஞ்சு ஊட்டுவா. உங்க வீட்டுல சைவம்னு சொன்னதும் ஒடனே சரின்னேனே, எதுக்குன்னு நெனச்சிய? உங்க மூஞ்சிக்கா?"

நான் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷ பாரம் இறங்குகிறபோது லேசாக இருக்க வேண்டும் அல்லவா, இல்லை, கோபம் வந்தது, சுமந்தது வீண் என்றால் சுமந்தவனுக்குக் கோபம் வராதா, பிறகு அந்தக் கோபமும் எங்கே போயிற்று என்று தெரியாமல், அவள் தயிர்சாதத்தை எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுவாள் என்பது ஞாபகம் வந்தது. ஆசையாகத்தான் சாப்பிடுவாள். வழித்துச் சாப்பிடுவாள். நான்தான் அதைத் தியாகம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, அதுக்கு மூச்சு முட்டுது, விடுங்க மொதல்ல," என்றாள். இடுக்கியால் கொக்கியைத் திருகினேன், வரவில்லை, இன்னொரு கையும் வேண்டும், தூணை விட்டேன், திருகினேன், கொக்கி வந்தது, மீன் முழு பலத்தோடு எழும்பி என் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போனது, அது போன பக்கமே நான் சாய்ந்தேன்.

பச்சை. உப்பு. குமிழிகள். இதுதானா, இதற்கா இவ்வளவு பயந்தேன், பிறகு லைஃப் ஜாக்கெட் கழுத்தைப் பிடித்து மேலே தூக்கியது, காதருகே டெல்பின், "ஏங்க! ஏங்க! மாதாவே! ஏங்க!" பாலத்தில் எல்லாரும் கத்துகிறார்கள். நீர் இழுக்கிறது, படகின் ஓரத்தை விடாதே, காலை உதை, மீன் மாதிரி உதை, இப்போதுதான் பார்த்தாயே எப்படி உதைத்தது, அப்படி உதை, வயிற்றைப் போடு, தொப்புள் நடுவில், மெதுவாகப் புரள். உட்கார்ந்திருந்தேன். முதல் முயற்சியில். பாலத்தின் மேல் கைதட்டினார்கள். துடுப்பு அதன் கயிற்றில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டு வந்தது, அதைப் பிடித்து நாலு தரம் வலித்துத் தூணுக்கே திரும்பினேன். போனைத் துடைத்தேன், உறைக்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள், அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள், அப்புறம் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "அறைஞ்சிட்டுப் போச்சே," என்றாள், "நான் பாத்தேன். கன்னத்துல. உங்களுக்கு வேணும். இல்லாத டிரைவருக்கு மெழுகுவத்தி ஏத்த வச்சியல்லா." தஸ்லீமா மேடம் தன் படகில் விசிலைக் கடித்தபடி வேகமாக வந்துகொண்டிருந்தார், நான் கையை உயர்த்தி ஒன்றும் இல்லை என்று காட்டினேன்.

பூசை ஆரம்பித்துவிட்டது, பின்னால் பாட்டுக் கேட்கிறது, அவள் உள்ளே போகவில்லை. "மூஞ்சியக் காட்டாதிய, அந்தப் பக்கம் திருப்புங்க," என்றாள். போனைக் கழிமுகத்தைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தேன். வெயில் தண்ணீரில் உடைந்து கிடந்தது. நான் மற்ற கையால் மறுபடியும் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே காட்டிக்கொண்டிருந்தேன், கை வலித்தது, இறக்கவில்லை. "தண்ணியப் பாத்து எவ்வளவு நாளாச்சு," என்றாள் கடைசியில், மெதுவாக, என்னிடம் சொல்கிறாளா என்று தெரியாத குரலில். வாரா வாரம் பெசன்ட் நகர் கோயிலுக்கு வருகிறாள், ரெண்டு நிமிஷம் நடந்தால் கடற்கரை, பூசை முடிந்ததும் எனக்குச் சோறாக்க ஆட்டோ ஏறி ஓடி வந்துவிடுவாள். அவள் வாயசைவை அத்தனை கூர்ந்து பார்த்த எனக்கு இது கண்ணில் படவே இல்லை. "ரெண்டு பேர் போற படகும் இருக்கு," என்றேன். "ஆனா ரெண்டு பேரும் ஒண்ணாத் துடுப்புப் போடணும். இல்லன்னா வட்டம்தான்."

"அதெல்லாம் நமக்கு ஒத்து வராது," என்றாள் டெல்பின். "எனக்குத் தனியா ஒண்ணு சொல்லி வைங்க. பக்கத்துலயே வாரேன். நீங்க விழும்போது நேர்ல பாக்கணும்."